குமரேசனுக்குப் பிடித்துக் கொடுத்த கால்சட்டை

முதல் குண்டு சமையற்கூடத்தின் மேல் விழுகிறது. காலை ஆறு பத்து. நீளமாக ஒரு சீழ்க்கைச் சத்தம். பிறகு தரை அதிர்கிறது. ஓடுகிறேன். பதுங்குகுழி இருபது அடியில். வாசலில் இடுப்பளவு மணல்மூட்டைச் சுவர். தாவி உள்ளே விழுகிறேன். எனக்குப் பின்னால் குமரேசன்.

"தாண்டுடா! காலைத் தூக்குடா!"

தூக்கினான். பாதிதான் வந்தது. இரண்டாவது குண்டு.

நான் அப்போது எல்லை முகாமில் தையல்காரன். ஊர் விக்கிரமங்கலம். குமரேசன் சிப்பாய், பூலாம்பாடிக்காரன். அங்கே தமிழ் பேச எனக்கு அவனை விட்டால் ஆளில்லை.

பதற்றம் தொடங்கியதுமே புது உடுப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. நூல் முதல் பொத்தான் வரை உள்நாட்டு வேலை. குறை சொல்ல இடமில்லை. தொடையில் தாராளம், முழங்காலில் மடிப்பு. ஓடவும் தவழவும் தாவவும் யோசித்து வெட்டியிருந்தார்கள். நாங்கள்தான் கெடுத்தோம். வந்த உடுப்பை வந்தபடி எந்தச் சிப்பாயும் போடமாட்டான். தையல்காரனிடம் கொடுத்து உடம்போடு பிடித்துக்கொள்வான். அதுதான் மிடுக்கு.

"அண்ணே, சாக்கு மாட்டுன மாதிரி இருக்கு. நல்லா புடிச்சுக் குடுங்க. போட்டோ எடுத்து வூட்டுக்கு அனுப்பணும்."

பிடித்தேன். முழங்கால் மடிப்பையும் வெட்டி எறிந்தேன். கச்சிதமாக நின்றது. எனக்கும் பெருமைதான், அதை ஏன் மறைக்க? குண்டு விழுந்த காலையில் அவன் போட்டிருந்தது அதைத்தான்.

இப்போது பெரம்பலூரில் ஒரு தையல் கம்பெனியில் செக்கிங் வேலை. ராணுவ உடுப்புதான். ஆர்டர் வந்தால் மறுநாளே மிஷின்கள் ஓடுகின்றன. நாளெல்லாம் முழங்கால் மடிப்பைத் தொட்டுப் பார்க்கிறேன். இடது பக்கம் நின்று யார் பேசினாலும் எனக்குக் கேட்பதில்லை. திமிர் பிடித்தவன் என்று பெயர். சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காருகிறேன். தனிமை தாங்கவில்லை.

போன மாதம் பூலாம்பாடி போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். குமரேசனின் அம்மா சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். அந்தக் கால்சட்டையில் நிற்கிறான்.

"நீங்க தச்சுக் குடுத்ததுன்னு போன்ல சொன்னான் தம்பி. ராஜா மாதிரி இருக்கான்ல?"

"ஆமாங்கம்மா" என்றேன். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அன்று காலை போனவை: ஒரு சமையற்கூடம். ஒரு தையல் மிஷின். என் இடது காது. மூன்று உயிர். இரண்டு பேர் சமையல்காரர்கள், அவர்களைக் கொன்றது குண்டு. மூன்றாவது குமரேசன், வயது இருபத்தாறு. அவனைக் கொன்றதும் குண்டுதான் என்று முழுதாகச் சொல்ல என்னால் முடியவில்லை.