சாம்பல் புதன் இல்லாத ஆண்டு

தலைமையேற்று, சேவல் இறகுத் தொப்பியோடும் செந்தாமரை முகத்தோடும் வீற்றிருக்கும் எங்கள் கிழவியர் சங்கத் தலைவி கிட்டா அவர்களே. முதல் வரிசையில் முழங்காலுக்குக் கம்பளி போர்த்தி, குடைக்குள் குடும்பமாய் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே. பிள்ளைகளைக் கணவன்மார் தலையில் கட்டிவிட்டு, பாதி வரைந்த மீசையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே. வழக்கப்படி எங்கள் கத்திரிக்கு வெட்டுப்படப் போவது தெரிந்து, வீட்டிலிருப்பதிலேயே மட்டமான டையைத் தேடிக் கட்டிக்கொண்டு வந்திருக்கும் ஆண்மக்களே. கரடி வேடத்தில் வந்து கடைசி வரிசையை மறைத்துக்கொண்டு நிற்கும், யாரென்றே தெரியாத அந்த அன்பரே. நகராட்சிப் படிக்கட்டில் நனைந்துகொண்டு நிற்கும் நம் நகரத் தலைவர் எங்கெல்பெர்ட் லாம்பெர்ட்ஸ் அவர்களே! க்ளைன்வெர்த் கிழவியர் சங்கத்தின் சார்பில் இந்த மார்லீஸின் மகிழ்ச்சி நிறைந்த வணக்கம். எங்கே, நம் கார்னிவல் முழக்கத்தை எல்லோரும் சேர்ந்து: அலாஃப்!

போதாது. மூன்று ஆண்டு அடக்கிவைத்த குரல் இவ்வளவுதானா? இன்னொரு முறை. அலாஃப்! ஆங், இப்போதுதான் ரைன் நதிக்கே கேட்டிருக்கும்.

அன்புப் பெருமக்களே, நம் நகரத் தலைவரைக் கொஞ்சம் பாருங்கள். கார்னிவல் திருவிழா தொடங்கும் இந்தக் கிழவியர் வியாழன் காலையில் அவர் எப்படி நிற்க வேண்டும்? நகராட்சிச் சாவியை மார்போடு அணைத்து, பறிகொடுக்கப் போகிறவரின் பயத்தோடு நிற்க வேண்டும். இன்றைக்கு எப்படி நிற்கிறார்? வெறுங்கையோடு நிற்கிறார். சாவி எங்கே? இதோ, என் கையில். ஆண்டுதோறும் இந்த நாளில் சாவியைப் பறிப்போம், ஆறு நாள் ஊரை ஆள்வோம், விழா முடிந்து நோன்பு தொடங்கும் சாம்பல் புதனன்று திருப்பிக் கொடுப்போம். அதுதானே வழக்கம்? அப்படியிருக்க, இரண்டு ஆண்டாக இந்தச் சாவி என் அடுப்படி ஆணியில் ஏன் தொங்கியது? அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். மணிக்கூண்டில் சாவி பறிக்கும் நேரமான பதினொன்று பதினொன்று ஆவதற்குள் முடித்துவிடுவேன். கிட்டா சிரிக்கிறாள், என்னைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

அந்தக் குளிர்காலம் நினைவிருக்கிறதா? பெருந்தொற்று ஊரையே பூட்டி வைத்திருந்தது. பள்ளி பூட்டு, பீர்க்கடை பூட்டு, பாட்டுக்கும் பூட்டு. நகராட்சி மட்டும் திறந்திருந்தது. பிறந்தவருக்குச் சான்று வேண்டும், இறந்தவருக்குச் சான்று வேண்டும், எங்கும் போக முடியாத காலத்திலும் பாஸ்போர்ட்டுக்கு மனுப்போட நான்கு பேர் வந்து நின்றார்கள். அங்கே முகக்கவச விதி என்ன தெரியுமா? நடைவழியில் நடந்தால் போட வேண்டும். படியேறினால் போட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் கழற்றிவிடலாம். ஏனாம்? மேசைக்கும் மேசைக்கும் ஒன்றரை மீட்டர் இருக்கிறதாம்.

நான் கேட்கிறேன், கிருமிக்கு நாற்காலியைக் கண்டால் மரியாதையா? நிற்பவரைத் தேடித் தேடித் தொற்றும் நோய், உட்கார்ந்தவரைப் பார்த்து உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்குமா? ஆண்டு முழுக்க முகமூடி தைத்துச் சேர்க்கும் ஊர் இது. கரடி முகம் போடுவோம், கொள்ளைக்காரி முகம் போடுவோம், ஆறு நாள் அதிலேயே வேர்ப்போம். அப்படிப்பட்ட ஊர், மூக்கை மூடும் முழ நூல் துணிக்கு முணுமுணுத்தது.

நகராட்சியில் நான் வேலை பார்க்கும் அறையில் நான்கு மேசைகள். நானும் ரோஸ்வித்தாவும் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் இரண்டு ஆண்கள், உட்கார்ந்ததும் கவசத்தைக் கழற்றி மேசை விளக்கில் மாட்டுகிறவர்கள். அவர்கள் பெயரை நான் சொல்ல மாட்டேன். பாருங்கள், அவர்களே கையைத் தூக்குகிறார்கள்! உட்காருங்கள், உங்களை மன்னித்து நாளாகிறது.

ரோஸ்வித்தாவை உங்களுக்குத் தெரியும். அவள் கணவர் ஹெரிபெர்ட்டை ஊர்வலத்தில் அவர் அடிக்கும் முரசுக்காகத் தெரியும். தொற்று வருவதற்கு முந்தின கோடையில் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். புதிய உறுப்பை உடம்பு ஒதுக்காமல் இருக்க மாத்திரை; அந்த மாத்திரையே நோயை எதிர்க்கும் பலத்தைக் குறைத்துவிடும். மருத்துவர் ரோஸ்வித்தாவைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "நாள் பூரா மாஸ்க் போடாதவங்களோட ஒரே அறையில உக்காந்துட்டு, வீட்டுக்குப் போய் இவர் பக்கத்துல உக்காராதீங்கம்மா. அவங்க எல்லாரும் போடட்டும், அப்புறம் போங்க. அதுவரைக்கும் தனியா இருங்க."

வேலையை வீட்டிலிருந்து பார்க்கலாமே என்கிறீர்கள். பாஸ்போர்ட்டுக்குக் கைரேகை எடுக்கும் இயந்திரத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகவா? போனாள், எதிர்வீட்டுக்கு. பேக்கரிக்கு மேலே காலியாகக் கிடந்த மாடி அறைக்குப் பெரிய பெட்டியோடு குடிபோனாள். இங்கே அவள் ஜன்னல், அங்கே அவர் ஜன்னல், நடுவில் ஒரு வீதி.

அந்த வீதிக்காரர்களே, நீங்கள் கேட்காததா? தினமும் அவரவர் ஜன்னலில் தட்டை வைத்துக்கொண்டு இருவரும் சாப்பிடுவார்கள். ஊரறியக் குடும்பம் நடக்கும்.

"ஹெரிபெர்ட், மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சுடி."

"உள்பனியன் மாத்தினியா?"

"மாத்திட்டேன். கொஞ்சம் சத்தமாக் கேளு, அக்கரையில இருக்கறவங்களுக்குத் தெரியாமப் போயிடப் போகுது."

வீதியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கிறிஸ்துமஸ் அன்று மதியம், வாத்துக் கறியைக் கூடையில் வைத்து, தன் வீட்டு வாசலில் இறக்கி, மணியை அடித்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடினாள் ரோஸ்வித்தா. விளையாட்டுக்கு மணியடித்துவிட்டு ஓடும் பிள்ளையைப்போல, தான் வாழ்ந்த வீட்டு வாசலிலிருந்து ஓடினாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் கேட்காமல் இல்லை. நகரத் தலைவரிடமே போய் நின்றாள். நானும் கூடப் போனேன். தலைவர் மன்னிக்க வேண்டும், உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

"ஐயா, அறைக்குள்ளயும் மாஸ்க் கட்டாயம்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, நான் என் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையாம்மா? மேலேருந்து வந்த விதி ஒன்றரை மீட்டர்னு சொல்லுது. மேசையெல்லாம் அளந்தாச்சு. விதிக்கு மேல விதி போட எனக்கு யார் அதிகாரம் குடுத்தா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணு, அதைப் போட்டா என் கண்ணாடியில ஆவி படியுது. போன வாரம் கோப்புல போட வேண்டிய கையெழுத்தை கேன்டீன் சீட்டுல போட்டுட்டேன்" என்றார்.

தலைவரே, தலையைக் குனியாதீர்கள். நீங்கள் கெட்டவர் அல்ல. விதி என்ற கோட்டைத் தாண்டக் கால் கூசிய நல்ல மனிதர். தாண்ட வைக்க ஒரு தள்ளு தேவைப்பட்டது. தள்ளுவதற்கென்றே பிறந்த சங்கம் ஒன்று இந்த ஊரில் இருக்கிறதே!

கிழவியர் வியாழன் வந்தது. கூட்டம் கூடத் தடை. முரசு இல்லை, ஊர்வலம் இல்லை, ஜாம் பன் கூட இல்லை. கொட்டும் பனியில் இந்தச் சதுக்கத்துக்கு வந்தவர்கள் இரண்டே கிழவிகள், கிட்டாவும் நானும். இருவர் முகத்திலும் கவசம். கிட்டாவின் தோளில், ஆப்பிள் மரக் கிளை வெட்டும் நீளக் கழிக் கத்திரி. அதோ, அந்த முதல் மாடி ஜன்னலைத் திறந்து தலைவர் எட்டிப் பார்த்தார். அன்றைக்கு அவர் எங்களுக்குத் தலைவர் இல்லை. வழக்கப்படி எங்களோடு பள்ளியில் படித்த வெறும் எங்கெல்பெர்ட்.

"எங்கெல்பெர்ட், டையை வெளிய நீட்டு" என்றாள் கிட்டா.

"கிட்டா, அது மரம் வெட்டற கத்திரி."

"நீயும் மரம் மாதிரிதானே நிக்கற. நீட்டு."

நீட்டினார். வெட்டினாள். டையின் நுனி பனியில் விழுந்தது. எங்கெல்பெர்ட் விழுந்து விழுந்து சிரித்தார். வாளியில் சாவியை வைத்துக் கயிற்றில் இறக்கினார். எடுத்துக்கொண்டேன். நகராட்சி எங்கள் ஆட்சிக்கு வந்தது. அண்ணாந்து பார்த்து நான் அறிவித்தேன்: "கிழவியர் ஆட்சியின் முதல் உத்தரவு. நகராட்சிக்குள் நின்றாலும், நடந்தாலும், நாற்காலியில் அமர்ந்தாலும், அனைவரும் முகக்கவசம் அணிய வேண்டும். எங்கெல்பெர்ட் லாம்பெர்ட்ஸும் அணிய வேண்டும். சாவி எங்களிடம் உள்ளவரை இது செல்லும்."

அவருடைய சிரிப்பு நின்றது. "மார்லீஸ், இது விளையாட்டா, நிசமா?"

"விளையாட்டுதான். கிழவியர் உத்தரவை மீறினவன் எவனாவது இந்த ஊர்ல இருக்கானான்னு உங்கம்மாகிட்டப் போய்க் கேளு."

மேலிடத்து உத்தரவை எதிர்த்து வழக்குப் போடலாம். வரி விதித்தால் வாதாடலாம். கிழவியர் உத்தரவை எதிர்க்க இந்த ரைன் கரையில் நீதிமன்றம் உண்டா? அவர் அம்மாவோ நாற்பது ஆண்டு எங்கள் சங்கத்தில் இருந்தவர். எங்கெல்பெர்ட் ஜன்னலை மூடினார். அரை மணிக்குள் நகராட்சி முழுக்க முகக்கவசம் ஏறியது. விளக்கில் தொங்கியவை மூக்குக்கு வந்து சேர்ந்தன.

ரோஸ்வித்தா மருத்துவருக்குப் போன் செய்தாள். பரிசோதனை பண்ணிக்கொண்டு போகலாம், அலுவலகத்தில் கவசத்தைக் கழற்றும் நாளில் திரும்பி வந்துவிட வேண்டும் என்றார் அவர். சனிக்கிழமை வீதியைக் கடந்தாள். பெரிய பெட்டியை மாடியிலேயே விட்டுவிட்டு, ஒரு கைப்பையோடு கடந்தாள். புதன்கிழமைக்குப் பிறகு தன் வீடு தனக்கு இல்லை என்று தெரிந்தவள் அப்படித்தானே வருவாள்?

திங்கட்கிழமை. ஊர்வலம் போக வேண்டிய நாள். ஊரே வீட்டுக்குள் கிடந்தது. எங்கெல்பெர்ட் ரொட்டி வாங்க அந்த வீதிக்குப் போனாராம். இதை எனக்குச் சொன்னது பேக்கரிக்காரம்மா. ஹெரிபெர்ட் வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள், ஒரே மேசை. அவர் சூப்புப் பானையைக் கவிழ்த்து மரக்கரண்டியால் முரசு கொட்ட, இவள் உருளைக்கிழங்கு அடை சுட்டுக்கொண்டே ஆடினாளாம். வீதி முழுக்க ஜன்னல்கள் திறந்து "அலாஃப்" சொன்னதாம். எங்கெல்பெர்ட் ரொட்டியைக் கையில் வைத்தபடி பனியில் நின்றாராம். முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்ணாடி மங்கியிருந்ததாம். ஆவிதான் என்று அவர் சொல்கிறார். நாம் நம்புவோம்.

புதன் வந்தது. சாவியோடு இதே இடத்தில் வந்து நின்றேன். கொடுத்தால் ரோஸ்வித்தா மறுபடி அந்த மாடி அறைக்குப் போக வேண்டும். வாளி இறங்கியது. சாவியை வைத்தேன். மேலே போயிற்று. அங்கே எங்கெல்பெர்ட் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாளியைத் திரும்ப இறக்கினார். உள்ளே சாவி அப்படியே இருந்தது.

"எங்கெல்பெர்ட், இன்னிக்கு சாம்பல் புதன்" என்றேன்.

"என் காலண்டர்ல இந்த வருஷம் சாம்பல் புதனே இல்ல மார்லீஸ். சாவியை வீட்ல மாட்டு" என்றார்.

பெருமக்களே, கைதட்டல் எனக்கு வேண்டாம். படிக்கட்டைப் பார்த்துத் தட்டுங்கள். மேலிடத்திலிருந்து போன் வந்தது. எந்த அதிகாரத்தில் இந்த உத்தரவு என்று கேட்டார்கள். "எங்க ஊர்ல ஆட்சி மாறிடுச்சுங்க, என்கிட்ட சாவி இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்! அன்றைக்கே அந்த இரண்டு ஆண்களும் மாடியேறிப் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீதியைக் கடந்தார்கள். முகத்தில் கவசத்தோடு கடந்தார்கள்.

ஆறு நாள் ஆட்சி கிடைத்தால் என்ன செய்வோம்? ஆண்டாண்டு காலமாக டை வெட்டினோம், ஆட்டம் போட்டோம், ஆண்களைக் கேலி செய்தோம். அந்த ஓர் ஆண்டு, முகத்தை மூடி ஒருத்திக்கு வீட்டுக் கதவைத் திறந்தோம். மூக்கு வியர்த்தது, காது வலித்தது, கண்ணாடி மங்கியது. அந்த விலைக்கு ஒரு மேசையில் இரண்டு தட்டு வைக்கப்பட்டது. இதைவிட மலிவாக எந்த ஊர் எந்த மகிழ்ச்சியை வாங்கியிருக்கிறது? சொல்லுங்கள், இதைவிடப் பெரிய ஆட்சியை எந்த அரசன் ஆண்டிருக்கிறான்?

இப்போது விதியும் போயிற்று, நோயின் வேகமும் குறைந்தது. முள் பதினொன்று பத்தைத் தொட்டுவிட்டது. திருப்பிக் கொடுக்காமல் பறிக்க முடியாது. பறிக்காமல் கார்னிவல் தொடங்காது. ரோஸ்வித்தா, நீ வா. இந்தா சாவி. படியேறிப் போய் எங்கெல்பெர்ட் கையில் கொடு. மெல்லப் போ, ஊர் பார்க்கட்டும்.

கொடுத்துவிட்டாள். என்ன எங்கெல்பெர்ட்? இந்த ஆண்டு உத்தரவு என்ன என்றா கேட்கிறாய்? ஒன்றே ஒன்றுதான்: பேக்கரிக்கு மேலே அந்த மாடி அறை காலியாகவே கிடக்க வேண்டும்.

நனைந்தபடி நின்று கேட்ட நல்ல நெஞ்சங்களே, உங்கள் மார்லீஸின் நன்றி. கிழவியர் சங்கத்தின் வணக்கம். மூன்று ஆண்டுக்கும் சேர்த்து அலாஃப். தாய்மார்களே, சாவி அதோ இருக்கிறது, பறியுங்கள். ஹெரிபெர்ட், பானையில் இல்லை, முரசில் அடியுங்கள்.