ஆயுதம் எடுக்க மறுத்த ஈட்டி வீரர் ஜேசுரட்ணம்

இந்த நிகழ்வுக்குத் தலைமை தாங்கும் எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவி திருமதி அஜிதா அவர்களே, இந்த மண்டபத்தை எங்களுக்குத் திறந்துவிட்ட பங்குத்தந்தை அவர்களே, முருகன் கோயிலிலிருந்து வந்திருக்கும் நிர்வாகசபைப் பெரியோர்களே, பிராங்பேர்ட்டிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்த நண்பர்களே, தமிழ் விளங்காவிட்டாலும் பின்வரிசைகளில் பொறுமையோடு அமர்ந்திருக்கும் எரித்திரிய, சிரிய, ரஷ்ய நண்பர்களே, எல்லோருக்கும் மேலாக, கணவரை இழந்து நிற்கும் ரஞ்சினி அக்கா, தகப்பனை இழந்து நிற்கும் ஜெசிகா, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் முருகேசு. இந்தக் கழகத்தைத் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். பன்னிரண்டு வருடம் அதன் தலைவனாக இருந்தவன். ஜேசுரட்ணம் அண்ணையைப் பற்றிப் பேசும்படி அஜிதா என்னைக் கேட்டபோது, "பிள்ளை, அவரைப் பற்றிக் கதைக்க பேர்லினிலை என்னைவிடத் தகுதி குறைஞ்ச ஆள் இல்லை" என்றேன். "தெரியும் அண்ணை. அதாலைதான் உங்களைக் கேட்கிறம்" என்று அவர் சொன்னார். ஏன் அப்படிச் சொன்னார் என்பதை நான் இந்தச் சபையில் மறைக்கப் போவதில்லை.

முதலில், அவர் யார்? இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அவர் நொய்கெல்ன் மைதானத்தின் பிளாட்ஸ்வார்ட். புல் வெட்டுகிறவர், கோடு போடுகிறவர், அறைப் பூட்டுகளின் திறப்புகளை வைத்திருக்கிறவர். ஆனால் எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்த எங்களுக்கு அவர் ஈட்டி ஜேசு. குருநகர்க் கரையில் பிறந்து, இருபது வயதில் அறுபத்தெட்டு மீற்றர் எறிந்தவர். அவர் எறிகிற நாளில் ஓட்டப் போட்டியைப் பார்க்க ஆளிருக்காது. பத்திரிகையில் வந்த அவருடைய படத்தை வெட்டிச் சலூன் கண்ணாடிகளில் ஒட்டி வைத்திருந்தார்கள். கொழும்பில் தங்கப் பதக்கம் வாங்கி அவர் ரயிலில் வந்து இறங்கிய அன்று, நிலையத்திலிருந்து கடற்கரை வரைக்கும் அவருடைய கால் நிலத்தில் படவில்லை. அவரைத் தோளில் சுமந்த கூட்டத்தில் நானும் ஒருவன். எனக்கு அப்போது பதினெட்டு வயது.

அடுத்த வருடம் நான் விமானம் ஏறிவிட்டேன். கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்குப் பக்கம் வந்து, அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். இதை ஏன் சொல்கிறேன்? அடுத்ததாகச் சொல்லப்போவதை நீங்கள் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

1996ஆம் ஆண்டு. எங்கள் கழகத்தின் கோடை விளையாட்டு விழாவுக்கு யாரைப் பிரதம விருந்தினராக அழைப்பது என்று மைதானத்துச் சிறு அறையில் கூடிப் பேசினோம். கழக உறுப்பினர் நிஷாந்தன் எழும்பி, "ஈட்டி ஜேசு இஞ்சைதான் இருக்கிறார். இந்த மைதானத்திலை உதவியாளா வேலை செய்யிறார். அவரைக் கூப்பிடுவம்" என்றார். நான் தலைவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஊரே சண்டையிலை நிக்கேக்கை பயந்து ஓடி வந்த ஆளுக்கு என்னத்துக்கு மாலை?"

அப்படித்தான் சொன்னேன், சொல்லுக்குச் சொல். அவர் ஏதோ ஓர் அமைப்பில் சேர மறுத்து நாட்டை விட்டு வந்தவர் என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தேன். அதற்கு மேல் நான் எதையும் விசாரிக்கவில்லை. அவருக்கு ஐந்து வருடம் முன்பே விமானம் ஏறியவன் நான் என்பது அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த அறையில் இருந்த யாருக்கும் வரவில்லை. நாங்கள் எல்லோரும் ஓடி வந்தவர்கள்தான். ஆனால் ஓடி வந்தவன் என்ற பெயர் ஒருவருக்கு மட்டும் போதும் என்று இருந்துவிட்டோம்.

திரும்பிப் பார்த்தால் ஜேசு அண்ணை வாசலில் நிற்கிறார், கையில் அறைத் திறப்போடு. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவர் திறப்பை மேசையில் வைத்து, "கூட்டம் முடிஞ்சதும் லைற்றை நூத்துப்போட்டு, திறப்பைப் பெட்டிக்குள்ளை போட்டுவிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏழு வருடம். ஏழு வருடம் அவர் போட்ட கோட்டில் எங்கள் பிள்ளைகள் ஓடினார்கள். ஏழு வருடம் அவர் துடைத்த மேடையில் ஏறி நான் பேசினேன். ஒரு முறை கூட அவர் என்னை முகம் சுளித்துப் பார்த்ததில்லை. நான்தான் அவரைப் பார்க்காமல் நடந்தேன்.

2003ஆம் ஆண்டு விழாவுக்குக் கனடாவிலிருந்து கஜந்தி என்றொரு பெண் வந்திருந்தார். என் மனைவியின் தோழி. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தவரைக் கண்டதும், பேசிக்கொண்டிருந்த பேச்சை விட்டுவிட்டு நேரே அவரிடம் போனார். அவருடைய வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். அந்தக் கை முழுதாக நீளாது என்பது எங்களுக்குத் தெரியும். சைக்கிளால் விழுந்தது என்று அவர் சொல்லியிருந்தார். நாங்களும் நம்பியிருந்தோம்.

அன்றைக்குக் கஜந்தி எனக்குச் சொன்னதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

1989. இன்னொரு நாட்டுப் படை எங்கள் மண்ணில் நின்ற காலம். அதன் நிழலில் ஓர் அமைப்பு இளைஞர்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து பிடித்தார்கள், டியூட்டரி வகுப்பு வாசலில் பிடித்தார்கள். சில கிழமைப் பயிற்சி, கையில் ஒரு துவக்கு, பிறகு எங்கள் இளைஞர்களையே சுட அனுப்புவது. அந்தச் சண்டையை எந்தத் தாய் கேட்டாள்? எந்த ஊர் கேட்டது? ஒருவரும் கேட்கவில்லை. ஒருவரும் தானாகப் போகவில்லை. அதனால் அவர்களுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. ஊர் தோளில் சுமந்த ஒரு முகம்.

ஜேசு அண்ணையின் வீட்டுக்கு வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய பொறுப்பாளர் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். "நீங்கள் சண்டைக்குப் போகத் தேவையில்லை. உடுப்பைப் போட்டுக்கொண்டு மேடையிலை ஏறி ரெண்டு வார்த்தை சொன்னால் போதும். ஈட்டி எறிஞ்ச கையாலை குண்டும் எறியலாம் எண்டு பெடியளுக்குச் சொல்லுங்கோ. நாளைக்கே உங்களை வீட்டிலை விடுறம்."

மறுநாள் காலை, ஒரு பாடசாலை மைதானம். பிடித்து வந்த முந்நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் கஜந்தியின் அண்ணன் கோகுல். வேலிக்கு வெளியே தாய்மாரும் சகோதரிகளும். கஜந்தியும் அங்கே நின்றார். ஜேசு அண்ணை மேடையில் ஏறினார். சீருடையில் அல்ல, தன்னுடைய சேட்டில். ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னது இவ்வளவுதான்:

"என்ரை பேர் ஜேசுரட்ணம். இந்தச் சண்டைக்கு நான் போகமாட்டன். உங்களையும் போகச் சொல்லமாட்டன். வெளியிலை அம்மாமார் நிக்கினம். வீட்டை போங்கோ."

ஒலிவாங்கியை நிறுத்தினார்கள். ஆனால் வேலிக்கு வெளியே கேட்டுவிட்டது. தாய்மார் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். வரிசை கலைந்தது. அந்தக் குழப்பத்தில் நாற்பது பேருக்கு மேல் தப்பி ஓடினார்கள். தாய்மாரைச் சுட ஒருவருக்கும் துணிவு வரவில்லை. கோகுல் அன்று வீடு சேர்ந்தார். இன்று ரொறன்ரோவில் மூன்று பிள்ளைகளின் தகப்பன். இந்த உரையை அவர் இப்போது தொலைபேசி வழியே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஜேசு அண்ணையை இருபத்துமூன்று நாள் ஓர் அறையில் பூட்டி வைத்தார்கள். இரண்டாம் நாள் அந்த வலது முழங்கையைத் துவக்குப் பிடியால் உடைத்தார்கள். ஊர்ப் பங்குத்தந்தை ஒவ்வொரு நாளும் அந்த முகாம் வாசலில் போய் உட்கார்ந்தார். கடைசியில் விட்டார்கள். எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டது. அதன்பின் அவர் ஈட்டியைத் தொடவில்லை.

பயந்து ஓடி வந்த ஆள் என்று நான் சொன்னது இந்த மனிதரை.

அடுத்த நாள் அவருடைய வீட்டுக்குப் போனேன். ரஞ்சினி அக்காதான் கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் அவருடைய முகம் இறுகியதை நான் மறக்கவில்லை. அக்கா, அது நியாயம். உள்ளே போய், "அண்ணை, நான் அண்டைக்குச் சொன்னது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அவர் சொன்னார்: "எனக்குப் பயம் இருந்தது உண்மைதான், முருகேசு. பயந்துகொண்டுதான் மறுத்தனான். பயத்தாலை மறுக்கேல்லை."

"கை போனது கவலை இல்லையோ அண்ணை?" என்று முட்டாள்தனமாகக் கேட்டேன்.

"கவலைதான். ஒவ்வொரு நாளும் கவலை. ஏன் இல்லையெண்டு சொல்லவேணும்?"

"பிறகேன் சைக்கிளாலை விழுந்ததெண்டு சொன்னனீங்கள்?"

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "உடைச்சவரும் இப்ப பேர்லினிலைதான் இருக்கிறார். அவரின்ரை பிள்ளையும் எங்கடை மைதானத்திலை ஓடுது. நல்லா ஓடுது. சொன்னால் அந்தப் பிள்ளை வராமல் விட்டிடும்."

யார் என்று நான் கேட்டேன். சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு மேல் நெருங்கிப் பழகினோம், கடைசி வரை சொல்லவில்லை. அந்த மனிதர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், நீங்களும் எங்களோடு இருந்து ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போங்கள். ஜேசு அண்ணை அதைத்தான் விரும்புவார்.

நண்பர்களே, இந்த அரங்கில் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறீர்கள். தாங்களாக விரும்பிப் போன பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்களைக் குறைத்து ஒரு வார்த்தை அவர் பேசியதுண்டா? இல்லை. இறந்த பிள்ளைகளுக்காக நவம்பர் மாதத்தில் நீங்கள் விளக்கேற்றிய இடத்துக்கெல்லாம் வந்து, கடைசி வரிசையில் தலை குனிந்து நின்றவர் அவர். தான் போகமாட்டேன் என்றார். போனவர்களைக் கெட்டவர்கள் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

இந்த நாடும் அவரை இலகுவில் ஏற்றுக்கொள்ளவில்லை. அகதி விசாரணையில் அந்த அதிகாரி கேட்டாராம்: "உங்களைப் போருக்கு அனுப்புவதாக யாரும் சொல்லவில்லையே. மேடையில் பேசத்தானே கேட்டார்கள்? பேசிவிட்டு வந்திருக்கலாமே?" இவர் சொன்ன பதில்: "நான் பேசினால் நூறு பேர் போவினம். அதாலைதான் என்னைக் கேட்டவை." விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஏழு வருடம், எப்போது திருப்பி அனுப்புவார்களோ என்று தெரியாத டுல்டுங் கடதாசியோடு, சில மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று அதைப் புதுப்பித்துக்கொண்டு வாழ்ந்தார். அந்த ஏழு வருடந்தான் பிற்காலத்தில் அவருடைய கல்வியானது.

ஆம், கல்விதான். தன் வழக்குக்காக ஒவ்வொரு பந்தியாகப் படித்த சட்டத்தை அவர் மறக்கவில்லை. 2005இல், அவரைப் பயந்து ஓடி வந்தவர் என்று நான் சொன்ன அதே மைதான அறையில், சனிக்கிழமைகளில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தார். ஆயுதம் தூக்க மனம் ஒப்பாமல் நாடு விட்டு வந்தவர்கள் வரலாம் என்று வாசலில் நாலு மொழியில் எழுதி ஒட்டினார். வந்தார்கள். எரித்திரியாவிலிருந்து வந்தார்கள், சிரியாவிலிருந்து வந்தார்கள், 2022க்குப் பிறகு ரஷ்யாவிலிருந்தும் வந்தார்கள். கடிதம் எழுதிக் கொடுத்தார், வழக்கறிஞரிடம் அழைத்துப் போனார், விசாரணை நாளில் கூடப் போய் வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு முறை ஒரு ரஷ்ய மல்யுத்த வீரரோடு போயிருந்தபோது நானும் உடன் இருந்தேன். அதிகாரி இவரைப் பார்த்து, "நீங்கள் வழக்கறிஞரா?" என்று கேட்டார். "இல்லை, பிளாட்ஸ்வார்ட்" என்றார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புல் வெட்டுகிறவருக்கு இதில் என்ன வேலை?" இவரும் சிரித்தார். "இவரை நீங்கள் அனுப்பிவிட்டால் என் மைதானத்தில் ஒரு நல்ல மல்யுத்த வீரர் குறைந்துவிடுவார்" என்றார். அந்த வீரர் அனுப்பப்படவில்லை. அதோ, பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

எத்தனை பேருக்கு இப்படிச் செய்தார்? கேட்டால், "ஆர் எண்ணினது?" என்பார்.

சென்ற கிழமை மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனேன். இதயம் களைத்துப் போய்விட்டது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவருக்கோ வேறு கவலை. யோனாஸ் என்ற எரித்திரிய இளைஞருக்கு விசாரணை நாள் வந்திருக்கிறது, அவருடைய கோப்பில் ஒரு மொழிபெயர்ப்புக் குறைகிறது என்றார். மறுநாள் ஜெசிகா அந்த மொழிபெயர்ப்பைச் செய்வித்துக் கொண்டுவந்து காட்டினாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, கடைசி வரி வரைக்கும் வாசித்தார். "சரி" என்றார். அடுத்த நாள் காலை அவர் போய்விட்டார்.

அவரை இழந்தது எங்களுக்குப் பேரிழப்பு. ஆனால் அழுதுவிட்டுக் கலைந்து போவதற்காக நாங்கள் இங்கே கூடவில்லை. ஒரு மனிதர், முழுதாக நீளாத ஒரு கையை வைத்துக்கொண்டு, இருபது வருடம் ஒரு மேசையை நடத்தினார். இத்தனை பேர் சேர்ந்து அதை நடத்த எங்களால் ஏலாதா? ஏலும். நிச்சயமாக ஏலும். சட்டம் படித்த ஜெசிகா மேசைக்குத் தலைமை ஏற்கிறாள். அஜிதா கழகத்தின் பெயரால் அறையைத் தந்திருக்கிறார். வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு அந்தக் கதவு திறந்திருக்கும். அதற்கு அடுத்த சனிக்கிழமையும், அதற்கு அடுத்ததும் திறந்திருக்கும். மொழி தெரிந்தவர்கள் வாருங்கள். எழுதத் தெரிந்தவர்கள் வாருங்கள். எதுவும் தெரியாதவர்களும் வாருங்கள், பக்கத்தில் இருப்பதற்கும் ஆள் வேண்டும்.

யோனாஸ், நீங்கள் பின்வரிசையில் இருக்கிறீர்கள். நான் சொல்வதை உங்கள் பக்கத்தில் இருக்கும் நிஷாந்தன் உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வார். உங்களுடைய விசாரணை டெர்மின் செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு. ஜேசு அண்ணை கூட வருவதாகச் சொல்லியிருந்தார். ஏழரைக்கு உங்கள் வீட்டு வாசலில் நான் நிற்பேன்.