சத்தம் போடாத குரங்குகள்

மினசோட்டாவில் பனிக்காலம் வந்தால் வாசல்படியில் உறைபனி வழுக்காமலிருக்க உப்பு தூவி வைப்பது, வருகிறவர்களுக்குச் செய்யும் மரியாதை. நான் அதில் ஒருநாளும் தவறியதில்லை. அன்று காலை தூவவில்லை. மறதி என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

மூளையை மருந்து என்ன செய்கிறது என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தே எனக்குத் தலை நரைத்தது. ஆய்வுக்கூட விலங்குகளை எப்படி நடத்துவது என்று நாடு முழுவதற்கும் விதி எழுதிய குழுவுக்கு நான்தான் தலைவன். அறுவைக்குப் பின் குரங்குகளுக்கு வலி தெரியாதிருக்க நான் கண்டுபிடித்த மருந்தும் அந்த விதியில் சேர இருந்தது. ஊசி போட்டால் குரங்கு அசையாது, முனகாது. பார்க்கவே நிம்மதியாக இருக்கும்.

எங்கள் கால்நடை மருத்துவர் ரெனாட்டாவுக்கு மட்டும் அந்த நிம்மதி இல்லை. விதியை முடிவுசெய்யும் கூட்டத்துக்குப் போகும் வழியில் காபி குடித்துவிட்டுப் போகச் சொல்லி, என் ஏரிக்கரை வீட்டுக்கு நான்தான் கூப்பிட்டிருந்தேன். அவள் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று பேசினாள்.

"அதுங்களுக்கு வலி போகல, ஹால்வர். கத்தத்தான் முடியல. நெஞ்சுத் துடிப்பு எப்படி எகிறுது பாருங்க. இன்னிக்குக் கூட்டத்துல சொல்லிடப்போறேன்."

"சொல்லு. அது உன் வேலை."

"கோவமில்லையே?"

"இந்த வயசுல என்ன கோவம்."

திரும்பி இறங்கியவள் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. அவள் போட்ட அலறல் ஏரிக்கு அக்கரை வரை போயிருக்கும்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி, உள்ளே தூக்கி வந்து சோபாவில் கிடத்தினேன். வீட்டில் வைத்திருந்த என் மருந்தை ஊசியில் ஏற்றினேன். பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"அது வேணாம். ஹால்வர், அது மட்டும் வேணாம்."

கையைப் பிடித்துத் தள்ளினாள். வலியில் இருப்பவர்களுக்குத் தங்கள் நல்லது தெரியாது.

சிறிது நேரத்தில் அடங்கிவிட்டாள். போர்வை போர்த்தினேன். கண்கள் திறந்தே இருந்தன, ஓரத்தில் நீர் வழிந்தது. மருந்தின் பக்கவிளைவு அது. நாடி பார்க்கக் கையை நீட்டினேன். பிறகு வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் நன்றாகவே பேசினேன். விதி ஒருமனதாக நிறைவேறியது. நான் திரும்பியபோது அவளுக்கு மூச்சு நின்றிருந்தது. நான் ஏற்றிய அளவுக்கு நிற்கும் என்பது எனக்குத் தெரியும். ஆம், நான்தான் கொன்றேன், அதில் தகராறு இல்லை.

துடிதுடித்துச் செத்தாள் என்று மட்டும் எழுதாதீர்கள். கிளம்பும் முன் குனிந்து, "வலிக்குதா, ரெனாட்டா?" என்று கேட்டேன். அவள் இல்லையென்று மறுக்கவும் இல்லை, ஆமென்று சொல்லவும் இல்லை. வலித்திருந்தால் சொல்லியிருப்பாள்.