மசாஜ் மேஜைக்கு வராத கோல்கீப்பர்

எங்கள் கோல்கீப்பருக்குக் கூச்சம் அதிகம், ஐயா. உள்ளங்காலில் கை வைத்தாலே துள்ளிக் கீழே இறங்கிவிடுவான். பதினோரு பேரில் அவன் ஒருவன்தான் என்னிடம் மசாஜுக்கு வராதவன். நீங்கள் இன்று என்னை விசாரிக்க உட்கார்ந்திருப்பதற்கு அந்தக் கூச்சம்தான் காரணம். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை.

இந்தக் கால்பந்துக் குழுவுக்குப் பத்தொன்பது வருஷமாக நான்தான் மசாஜ்காரன். குழுவில் அதிகம் கோல் அடிக்கிறவன் என் அக்கா மகன். அக்கா கண்ணை மூடியபோது அவனுக்கு ஒன்பது வயது. கூட்டிவந்து வளர்த்தேன். கல்யாணம் காட்சி என்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவன் இருந்தான், போதும் என்று இருந்துவிட்டேன்.

இந்த வருஷம் லீக் கோப்பைக்கு எங்களுக்கும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற குழுவுக்கும் இழுபறி. ஒரு வாரம் நாங்கள் மேலே, ஒரு வாரம் அவர்கள் மேலே. கோப்பையை ஜெயித்தால் கடல் தாண்டி ஒரு பெரிய குழு அவனை அழைத்துக்கொள்ளும் என்று பேச்சு. சாப்பிடும்போதுதான் சொன்னான். "நான் போயிட்டா நீங்க தனியா என்ன மாமா பண்ணுவீங்க?" என்று சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு தொழில் விஷயம் சொல்கிறேன். ஆட்டத்துக்கு முந்தின நாள் தசையை லேசாக நீவிவிட்டால் கால் இளகும். ஆழமாக அமுக்கிப் பிசைந்தால் மறுநாள் கனத்துப்போகும். அடையாளம் இருக்காது. பந்துக்கு அரை அடி பிந்துவார்கள், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு வாரம் லேசாக, ஒரு வாரம் ஆழமாக. ஒரேயடியாகத் தோற்கவும் விடக்கூடாது பாருங்கள். விட்டால் பயிற்சியாளரை மாற்றுவார்கள், புதிதாக வருகிறவர் தன் மசாஜ்காரனைக் கூட்டிக்கொண்டு வருவார். அதனால் அளவோடுதான் செய்தேன்.

"போன வாரம் புலி, இந்த வாரம் பூனை" என்று பத்திரிகையில் கிண்டல் செய்தார்கள். யாரோ விலை போய்விட்டார்கள் என்று பயிற்சியாளருக்குச் சந்தேகம். ஆட்டக்காரர்கள் ஒருவர் போனை ஒருவர் எட்டிப்பார்த்தார்கள். கடைசியில் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார் என்று பழி சமையல்காரர் தலையில் விழுந்தது. பாவம், நல்ல மனுஷர். அவர் பெட்டியை வண்டியில் ஏற்ற நான்தான் கைகொடுத்தேன். "நீ ஒருத்தன்தான்யா என்னைச் சந்தேகப்படல" என்று கண்கலங்கினார். நான் எப்படிச் சந்தேகப்பட முடியும்?

அவர் போன பிறகும் தோற்றார்கள். அன்று உடைமாற்றும் அறையில் கோல்கீப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "உங்களுக்கெல்லாம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கால் கனக்குது. எனக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் அந்த மேஜைல படுக்கிறதே இல்லையே." எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மகன் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவன் மேஜைக்கு வரவில்லை. "வேணாம் மாமா, கால் நல்லாத்தான் இருக்கு" என்பான். அவனைப் பார்த்து மற்றவர்களும் நின்றுகொண்டார்கள். வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயித்தார்கள். பாக்கி ஒன்று. அதையும் ஜெயித்தால் கோப்பை. அவன் அறையில் புதுப் பயணப்பெட்டி வந்து உட்கார்ந்தது.

கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, பயிற்சியில் அவனுக்குத் தொடையின் பின்பக்கம் சுருக்கென்றது. பயிற்சியாளர் என்னிடம் அனுப்பினார். வேறு வழியில்லாமல் வந்து குப்புறப் படுத்தான். தசையில் ஒரு சின்னக் கிழிசல் இருப்பது என் கட்டைவிரலுக்குத் தெரிந்தது. கொஞ்ச நாள் ஓய்வெடுத்தால் ஆறிவிடும். ஆறினால் போய்விடுவான்.

தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தான். "மாமா, உண்மையைச் சொல்லுங்க. ஓடலாமா?"

"வெறும் பிடிப்புடா. தாராளமா ஓடு."

அவ்வளவு சந்தேகம் இருந்தும் நம்பினான். வளர்த்தவன் அல்லவா நான். அந்த இடத்திலேயே கட்டைவிரலை ஊன்றி, அவன் பல்லைக் கடித்துப் பொறுத்த வரைக்கும் அமுக்கினேன். பயிற்சியாளரிடமும் பிடிப்பு என்றே சொன்னேன்.

இருபத்திரண்டாவது நிமிஷம் பந்தைத் துரத்திப் பாய்ந்தவன் அப்படியே விழுந்தான். தசை எலும்பை விட்டே அறுந்துவிட்டது. நாளாக நாளாக நடப்பான், இனி ஓட முடியாது என்றார் டாக்டர். கோப்பை அக்கரைக்குப் போயிற்று.

ஆமாம், செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஐந்து மணிக்குள் மட்டும் என்னை விட்டுவிடுங்கள், அவன் காலை நீவிவிட வேண்டும். மூன்று வாரமாக அறைக்குள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருக்கிறான். வாசலில் வைக்கிற தட்டை எடுத்துக்கொள்கிறான், நான் தட்டினால் மட்டும் திறப்பதில்லை. சின்னப் பிள்ளைக் கோபம், நாலு நாளில் போய்விடும். என்னை விட்டுப் போகிற எண்ணம் இருந்தால் வெளியே அல்லவா போயிருப்பான், எதற்கு உள்ளே தாழ்ப்பாள் போடுகிறான்?