நூற்று நாற்பது சுற்று

தண்ணீரில் இறங்கினால் பாவாடை மேலே மிதக்கும். படம் எடுப்பவர்களுக்கு அது ஒரு சின்னத் தொல்லை. நான் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். விளிம்பில் ஈயக் குண்டுகள் வைத்துத் தைக்கச் சொன்னேன். தையற்காரி சொன்னபடி தைத்தாள். பிறகு நடந்ததற்குப் பழியை அவள்மேல் போட்டு ஸ்டுடியோவிலிருந்து அனுப்பியபோது நான் தடுக்கவில்லை. அவள்மேல் குற்றமில்லை.

பழைய பிரெஞ்சு நாவல் ஒன்றைத் தழுவிய ஊமைப்படம். முடிவில் நாயகி ஆற்றில் மூழ்கிச் சாகிறாள். ஆற்றுக்குப் பதில் ஓர் ஆழமான தொட்டி. நாயகி என் மனைவி. இயக்குநர் அவளுடைய அண்ணன். கேமராவின் கைப்பிடியைச் சுற்றியவன் நான்.

ஐந்து முறை எடுத்தும் சாவு சரியாக வரவில்லை.

"சாகச் சொன்னா தூங்கப் போறவ மாதிரி கண்ண மூடுற," என்றார் அண்ணன்.

"செத்துப் பாத்தவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்கண்ணே, கத்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஆறாவது முறை பாவாடை தண்ணீருக்கு அடியிலிருந்த இரும்புக் கம்பியில் சிக்கியது. ஈயத்தின் கனம் வேறு. ஊமைப்படம்தானே என்று பக்கத்து செட்டில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. அண்ணன் நின்ற பக்கம் அவள் முதுகுதான் தெரியும்.

"அப்படித்தான், அப்படித்தான். மாப்ளே, விட்றாதீங்க."

முகம் என் லென்ஸுக்கு நேரே இருந்தது. உதடுகள் தெளிவாகத் தெரிந்தன. "என்னங்க, பாவாடை மாட்டிக்கிச்சு, நிறுத்துங்க."

நடிப்பு என்று நினைத்தீர்களா என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். இல்லை. கதையில் நாயகி யாரையும் 'என்னங்க' என்று கூப்பிடுவதில்லை.

நொடிக்கு இரண்டு சுற்று. கை நடுங்கினால் படம் துள்ளும். என் கை நடுங்கவில்லை. நூற்று நாற்பது சுற்று.

பிறகு அந்த உதடுகள் வரும் இடத்தை வெட்டி, 'மன்னித்துவிடுங்கள்' என்று திரையில் வசனம் காட்டும் ஓர் எழுத்து அட்டையைச் செருகினேன். அவள் அதையே இரண்டாம் முறை சொன்ன இடத்தை வெட்ட மனம் வரவில்லை. முகம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. தையற்காரிக்குக் காது கேட்காது, உதட்டைப் படிப்பாள் என்பதை நான் யோசிக்கவில்லை. படம் பார்த்துவிட்டு வந்து அவள் உங்களிடம் எழுதிக் கொடுத்தது எழுத்துக்கு எழுத்து சரி.

எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தக் காட்சியை நீக்கச் சம்மதிக்கமாட்டேன். தூக்கில் போடுங்கள், காட்சியைத் தொடாதீர்கள். மற்ற ஐந்தையும் நானே எரித்துவிட்டேன். இனி அவள் இருப்பது அந்த எழுபது நொடியில்தான்.

நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாள். உண்மைதான். சுமாரான நடிகையாக என்னோடு கிழவியாகியிருப்பாள். அவளை நேசிக்காதவன்தான் கையை நிறுத்தியிருப்பான்.