கிராங்க் தேடிய குளிர்காலம்

உங்கள் காபி கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கிறது, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. அரசாங்க அலுவலகத்தில் இதுவும் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். என் பட்டறையில் சின்னச் செப்புக் கிண்ணியில் கொதிக்கவைத்து, மண்டி அடியில் படியும்வரை காத்திருந்து ஊற்றுவேன். ஒப்ராட் அப்படித்தான் குடிப்பான். அவன் கோப்பையை நான் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

யெலிட்சா மலைக் கார்ப் பந்தயத்தில் நடந்ததை விபத்து என்று எழுதி ஃபைலை மூடிவிட்டீர்கள். உங்கள் மேல் தப்பு இல்லை. பந்தய எஞ்சின் உடைவது ஊரறிந்த விஷயம். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் விடோயே. சாச்சாக்கில் கிராங்க் கிரைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன்; பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் எஞ்சின் தண்டுதான் கிராங்க். ஒப்ராட் எனக்குக் கும். அது என்ன உறவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் வாக்குமூலத்தில் இருக்கட்டும். என் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னவன் அவன். அவன் மகள் டுன்யாவுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது கையில் ஏந்தி நின்றவன் நான். கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கும்மோடு போடக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்குப் பிள்ளை இல்லை. என் மனைவி பெர்சா இறந்துபோன பிறகு, ஞாயிற்றுக்கிழமை பட்டறைக் கதவை யாராவது தட்டினால் அது ஒப்ராட்டாகத்தான் இருக்கும். சட்டைக்கையில் மாவு ஒட்டியிருக்கும், பேக்கரி வைத்திருந்தான்.

அவனுடைய பந்தய வண்டி, ஒரு காலத்தில் இந்த நாட்டில் எல்லார் வீட்டு வாசலிலும் நின்ற அதே சின்னக் கார்தான். அதன் எஞ்சினுக்கு அண்ணன் தம்பிகள் உண்டு, ஒரே குடும்பத்தில் பெரிசும் சின்னதுமாக வந்த எஞ்சின்கள். அண்ணன் எஞ்சினின் கிராங்க்கை எடுத்துத் தம்பியின் பிளாக்கில், அதாவது எஞ்சின் உடம்பில், வைத்தால், அளவு பார்த்துத் தைத்த சட்டையாக உட்கார்ந்துவிடும். வீச்சு மட்டும் கூடுதல். பிஸ்டன் அதிக தூரம் ஏறி இறங்கும்; மலை ஏறும்போது வண்டி நன்றாக இழுக்கும். அப்படியே மாட்டினால் பிஸ்டன் தலை பிளாக்குக்கு மேலே எட்டிப் பார்க்கும். அதற்கு உயரம் குறைந்த பிஸ்டனை வேறு ஏதாவது உறவுக்கார எஞ்சினிலிருந்து பிடிக்க வேண்டும். எங்களுக்குக் குளிர்காலம் என்றால் இதுதான். பனியில் பழைய இரும்புக்கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்குவோம்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் மொராவா ஆற்றங்கரைக் கடை ஒன்றில் அண்ணன் கிராங்க் கிடைத்தது. கடைக்காரர் அதன் மேல் கிடந்த பனியைத் தட்டிவிட்டுப் பெருமையாகக் காட்டினார்.

"எடுத்துக்க மேஸ்திரி. டாக்டர் வீட்டு வண்டியோடது. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்தான் போவும்."

ஒப்ராட் அதன் கீறல்களைத் தடவிப் பார்த்தான். "சர்ச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஆயில் ஊத்தணும்னு அந்த டாக்டருக்கு யாருமே சொல்லலையா?"

"அவரு மனுசங்களுக்கு டாக்டருப்பா."

"அப்ப நெறைய பேரை மேல அனுப்பி வச்சிருப்பாரு."

மூவரும் சிரித்தோம். கிராங்க்கைக் கோணிச்சாக்கில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். வழியில் சூப் குடிக்க நிறுத்தினோம். அங்கேதான் சொன்னான்.

"கும், இதான் எனக்குக் கடைசிப் பந்தயம். ஸ்லாவிட்சா லின்ட்ஸ்ல இன்னும் எத்தன வருசம் தனியாக் கெடப்பா? ஆஸ்பத்திரியில தரை தொடச்சுத் தொடச்சு அவ இடுப்பே போயிருச்சு. பந்தயம் முடிஞ்ச கையோட கெளம்பிருவேன். டுன்யாவும் வர்றா."

"வண்டிய என்ன பண்ணுவ?"

"ஜெயிச்ச வண்டின்னு தலை நிமிந்து வித்துட்டுப் போவேன். ஒடஞ்ச எஞ்சினப் பாதியில விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வருமா, சொல்லு. அதான் உன்கிட்ட குடுக்கறேன். நல்லாப் பண்ணிக் குடு."

ரொட்டியைப் பிய்த்து என் தட்டில் வைத்தான். நான் சாப்பிட்டேன். அவனுக்கு மனைவி இருக்கிறாள், அவள் வெளிநாட்டில் தனியாக இருக்கிறாள், எல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனால் அவள் தனிமைக்குப் பழகிவிட்டிருந்தாள். எனக்கு அது புதிது.

இனி வேலையைச் சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். கீறல் விழுந்த கிராங்க்கை கிரைண்டிங் கல்லில் கொடுத்து வழவழப்பாக்குவோம். பேரிங் உட்காரும் உருளையும் அதன் பக்கச்சுவரும் சேரும் மூலையில் ஒரு சின்ன வளைவு விட வேண்டும். கல்லின் ஓரத்தை உருட்டி வைத்துக்கொண்டால் வளைவு தானாக விழும். மூலை கூராக நின்றால் அழுத்தம் முழுக்க அங்கேயே போய்ச் சேரும். தலைமுடி மாதிரி ஒரு விரிசல் தொடங்கி, ஒருநாள் தண்டு இரண்டாகும். கிரைண்டிங் தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

நடு உருளைக்கு வந்தபோது, வைரமுனையை எடுத்துக் கல்லின் ஓரத்தைக் கூராகச் சீவினேன். காலை நேரம், வெயில் நன்றாக இருந்தது, வானொலியில் காய்கறி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோபம் எதுவும் இல்லை. அவன் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

என் கணக்கு எளிமையானது. பந்தயத்தில் எங்காவது கிராங்க் உடையும், எஞ்சின் நிற்கும். வண்டியைக் கயிறு கட்டி என் பட்டறைக்கு இழுத்து வருவார்கள். ஒப்ராட் நாலு கெட்டவார்த்தை சொல்லுவான். உடைந்ததை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவன், அவன் வாயாலேயே சொல்லியிருந்தான். மறுபடி பனி விழும், மறுபடி கிராங்க் தேடிப் போவோம். எனக்கு வேண்டியிருந்தது இன்னும் ஒரு குளிர்காலம்தான். பெரிய பேராசை என்று நீங்களே சொல்ல மாட்டீர்கள்.

எஞ்சின் பூட்டிய அன்று டுன்யாவும் வந்திருந்தாள். அவளுக்கு அப்பனுடைய கிறுக்கு அப்படியே உண்டு; சின்ன வகுப்புப் பந்தயங்களில் அவளும் ஓட்டுவாள். கிராங்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"ஞானப்பா, இங்க வாங்களேன். இந்த மூலையில நகம் மாட்டுது. மத்ததுல மாட்டல."

நான் வாய் திறப்பதற்குள் ஒப்ராட் திரும்பிவிட்டான். "அடியே, கும் செஞ்ச வேலைய நகத்தால அளக்கறியா? அவரு மூஞ்சில துப்பறதும் அதுவும் ஒண்ணுதான். மன்னிப்புக் கேளு."

அவள் சிரித்துக்கொண்டே என் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தாள். "மன்னிச்சுக்கங்க ஞானப்பா. இனிமே நகம் வெட்டிட்டு வர்றேன்." கிரீஸ் வாசனை அடித்தது அவள் கையில். வேறு எந்த மெக்கானிக் கொடுத்திருந்தாலும் ஒப்ராட் ஒவ்வொரு உருளையையும் இரண்டு முறை அளந்திருப்பான். கும் கொடுத்ததை அளக்க மாட்டான். எங்கள் ஊரில் யாருமே அளக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

பந்தயத்தன்று முதல் ஓட்டம் ஒப்ராட் ஓட்டினான். எஞ்சின் அற்புதமாக இழுத்தது. இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். "யோவ், நீ மேஸ்திரி இல்லய்யா, மந்திரவாதி." எனக்கு அழுகை வந்தது, அது பொய்யில்லை. பிறகு அமைப்பாளர்களிடம் ஏதோ பேசிவிட்டு வந்து, ஹெல்மெட்டை டுன்யா கையில் கொடுத்தான். "நான் ஓட்டுன வரைக்கும் போதும். கடைசி ஓட்டம் பொண்ணு ஓட்டட்டும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் இன்னும் சில வண்டிகள் முன்னால் நின்றன. சொல்ல நேரம் இருந்தது. சொல்லியிருந்தால் ஒப்ராட் காரணம் கேட்பான். காரணம் சொன்னால் அதன் பிறகு அவன் என் முகத்தில் விழிக்க மாட்டான். டுன்யா கார் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

"ஞானப்பா, ஆசீர்வாதம் பண்ணுங்க."

"மெதுவாப் போம்மா."

"மெதுவாப் போறதுக்கா குளிர்ல அலஞ்சு கிராங்க் தேடுனீங்க?"

மெதுவாகப் போகச் சொன்னேன். அதை என் பக்கத்து நியாயமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீழே நின்று எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வளைவுக்கு வளைவு ஏறிக்கொண்டே போனது. ஒப்ராட் கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப மூணாவது கியர், இப்ப ரெண்டாவது" என்று மகளோடு சேர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தான். பிறகு கதவை அறைந்தது போல ஒரு சத்தம். பிறகு மலை சும்மா இருந்தது. உடைந்த கிராங்க், பிஸ்டனை அதோடு இணைக்கும் ராடைப் பிளாக் சுவர் வழியாக வெளியே தள்ளியிருக்கிறது. ஆயில் முழுக்க முன்சக்கரத்தின் அடியில் கொட்டி, வளைவில் பிடிமானம் போய்விட்டது. மிச்சம் உங்கள் ஃபைலில் இருக்கிறது. அதை என்னைச் சொல்லவைக்காதீர்கள். பிறந்ததும் என் கையில் வாங்கிய பிள்ளை அவள்.

ஒப்ராட் லின்ட்ஸுக்குப் போகவில்லை. மகள் இங்கே மண்ணில் இருக்கும்போது எப்படிப் போவான்? ஸ்லாவிட்சா அடக்கத்துக்கு வந்தாள், வேலைக்காகத் திரும்பிப் போனாள். அவன் பேக்கரியை மூடிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தவன் தினமும் வர ஆரம்பித்தான். இறந்தவர் நினைவுக்காகக் கல்லறைக்குக் கோதுமை வேகவைத்து எடுத்துப் போகிற நாட்களிலெல்லாம் நான் கூடப் போனேன். மற்ற நாட்களில் அடுப்போரம் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வான்.

"நான்தான் கொன்னுட்டேன், கும். ஹெல்மெட்ட நான்தான் கையில குடுத்தேன்."

"உன் தப்பு இல்லடா. காபியக் குடி."

அதில் பொய் எதுவும் இல்லை, பாருங்கள். அவன் தப்பு இல்லைதான். தேம்பி ஓயும்வரை தோளில் கை வைத்திருப்பேன். நானும் அழுதிருக்கிறேன், அவனைவிட அதிகமாகக்கூட. டுன்யா இல்லாதது என் நெஞ்சில் பாறாங்கல்லாகக் கிடக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன் என்பதால் இதையும் சொல்கிறேன்: அந்தக் குளிர்காலத்தில் நான் ஒருநாள்கூடத் தனியாகக் காபி குடிக்கவில்லை.

போன ஞாயிறு வந்தபோது அவன் முகம் மழித்திருந்தான், சட்டை தேய்த்திருந்தது. உட்காரவில்லை.

"வருச நினைவு முடிஞ்சிருச்சு, கும். ஸ்லாவிட்சா அங்க ஒத்தையில அழுது அழுது செத்துருவா. வீட்டை விக்கச் சொல்லிட்டேன். வர்ற வாரம் கெளம்பறேன்." ஒரு துணி மூட்டையை மேசையில் வைத்தான். "போலீசுல திருப்பிக் குடுத்தது. என்னால இதப் பாக்க முடியல. நீ வச்சுக்க."

இதுதான் அந்த மூட்டை. பிரியுங்கள், எண்ணெய் ஒட்டாது, துடைத்துத்தான் கொண்டுவந்தேன். இது நடு உருளை. உடைந்த இடத்துக்கு எதிர்மூலையைத் தடவிப் பாருங்கள். உங்கள் நகமும் மாட்டும். அதைக் கூராக விட்டது என் கை. தெரிந்துதான் விட்டேன். டுன்யா அதில் ஏறியபோதும் தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். வக்கீல் வேண்டாம். எந்தத் தண்டனை என்றாலும் சம்மதம்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும், ஐயா. இது வழக்கு என்று ஆகிவிட்டால் ஒப்ராட்தானே முக்கிய சாட்சி? தீர்ப்பு வரும்வரை அவன் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று நீங்கள் தடுக்கலாம் இல்லையா? விசாரணை நாட்களில் என்னையும் அவனையும் ஒரே அறையில்தான் உட்காரவைப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அவன் என்னைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் குளிர்காலம் முடியும்வரையாவது இழுக்குமா?