மாடத்தியின் நெஞ்சுப் படம்

படகில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும், கண்ணுகளா. அன்றைக்கும் மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து எறணாகுளம் போய்ச் சேரும்வரை மாடத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவள் என் நாத்தனார். புருஷன் போனபிறகு எனக்கிருந்த ஒரே துணை.

இரண்டு பேரும் கருமணல் கிடங்கில் வேலை பார்த்தோம். வள்ளத்தில் வந்திறங்கும் மணலைக் காயவைத்துச் சலித்தால் மாவு மில் மாதிரி தூசி பறக்கும். ஒருநாள் டிக் டிக்கென்று சத்தமிடும் பெட்டியோடு ஒரு ஆபீசர் வந்தார். அதை மணலருகே நீட்டிப் பார்த்தவர் வாசல்வரை பின்வாங்கினார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லோரையும் எறணாகுளம் ஆஸ்பத்திரிக்கு நெஞ்சுப் படம், அதான் எக்ஸ்ரே, எடுக்க அனுப்பினார்கள். படத்தில் கறை தெரிந்தால் சீட்டைக் கிழித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

மழைக்காலம் தொட்டே மாடத்திக்கு இருமல். எனக்கு ஒன்றுமில்லை.

"என் பேரைக் கூப்பிட்டா நீ போ. உன் பேருக்கு நான் போறேன்" என்றேன்.

"அப்ப உங்களையில்லா விரட்டுவாங்க, மதினி?"

"விரட்டட்டும். உன் மூஞ்சியைப் பாக்காம நிம்மதியா இருப்பேன்."

சிரித்தாள். சிரிப்பே இருமலாயிற்று. பேரை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போனோம்.

பிறகு கிடங்குக்கு வந்த டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "மாயம்மா, நெஞ்சு முழுக்கப் பொடியாணு, மணல் தூசி. இனி பொடியில நிக்கண்டா, கேட்டோ. இப்பவே மாறினா கொஞ்ச காலம் தள்ளலாம்."

யாரையும் விரட்டவில்லை. என் பேரிலிருந்த அவள் நெஞ்சுக்காக, ஆபீசுக்குச் சாயா போடும் வேலைக்கு என்னை மாற்றினார்கள். காயல் காற்று வரும் இடம். அவளைச் சல்லடையிலேயே விட்டார்கள்.

அன்றே சொல்லியிருக்கலாம். "என்ன மதினி சொன்னாரு?" என்று அவள் கேட்டபோது, "உன் படம் சுத்தமா இருக்காம்" என்றேன். பொய்யில்லை. அவள் பேரிலிருந்த படம் சுத்தம்தான்.

சொன்னால் இரண்டு பேரையும் ஏமாற்றுக்காரிகள் என்று வெளியே தள்ளுவார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு, ஓணம் கழியட்டும் என்று நினைத்தேன். ஓணமும் கழிந்தது. எனக்குக் கன்னத்தில் சதைகூடப் போட்டது. அவள் நாலு படி ஏற நடுவில் உட்கார்ந்தாள். "படந்தான் சுத்தமாச்சே மதினி, இது வெறும் சளிதான்" என்று என்னைத் தேற்றுவாள்.

அறுபத்திரண்டாம் வருஷம், சல்லடையைப் பிடித்தபடியே சரிந்தாள். கொன்றது நான்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கண்ணுகளா. அத்தனை நாளும் ஆபீசுக்குக் கொடுப்பதற்கு முன்னால் முதல் சாயாவை அவளுக்குத்தான் கொண்டுபோனேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கிடங்கு வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.